குழாய்க்கு மாதம் 33,000 ரூபாயா? கோத்தகிரி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 38. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கூலிக்குப் போன எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்துவிட்டார். முதுகெலும்பில் எல்-1 உடைந்து ஆபரேஷன் செய்தார்கள். கை நன்றாக இருக்கிறது, கால் வரவில்லை. வீல்சேர்தான். யூரின் டியூப் நிரந்தரமாகப் போட்டிருக்கிறது, மாதம் ஒருமுறை மாற்றுகிறோம். அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை, ஊசி. போன மாதம் நடுங்கிக் காய்ச்சல் வந்து கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தோம், 48,000 ரூபாய் ஆனது. இப்போது டியூபை எடுத்துவிட்டு தினம் ஐந்து முறை புதுக் குழாய் போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு குழாய் 220 ரூபாய். இல்லையென்றால் போடாக்ஸ் ஊசி, அது 60,000 ஆகுமாம். நான் இலை பறிக்கிற கூலியில்தான் வீடு ஓடுகிறது. நகையை விற்று ஊசி போட்டுவிடலாமா? தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் இன்ஃபெக்‌ஷன் குறையுமா? அவர் இதைப் பற்றி யாரிடமும் பேசவே மாட்டேன் என்கிறார்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நகையை விற்காதீர்கள். தண்ணீரையும் குறைக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அடகுக்கடை வாசலில் நிற்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

மலையில் உடல் மறுவாழ்வு மருத்துவராக வேலை பார்க்கிறேன். மரத்திலிருந்து விழுந்தவர்கள், ஜீப் கவிழ்ந்தவர்கள், முதுகுத் தண்டில் கட்டி வந்தவர்கள், சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்கள் என்று பலருக்கும் கடைசியில் ஒரே இடத்தில்தான் பணம் கரைகிறது, சிறுநீர்ப் பையில். காலுக்காகச் செய்யும் செலவு ஒருமுறை வந்து போய்விடும். பையின் செலவு மாதாமாதம் வரும். அதனால் எதற்கு முதலில் செலவு செய்வது, எதைத் தள்ளிப் போடுவது என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அது உங்கள் தவறு இல்லை. உங்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை.

சிறுநீர்ப் பைக்கு இரண்டு வேலை. அழுத்தம் ஏறாமல் சேர்த்து வைப்பது ஒன்று, நேரம் வந்ததும் முழுசாக வெளியேற்றுவது இன்னொன்று. இரண்டையும் நரம்புதான் நடத்துகிறது. தண்டுவடத்தில் அடிபட்டால் சிலருக்குப் பை இறுகிப்போய் கொஞ்சம் சேர்ந்ததுமே துடிக்கும், அதே நேரத்தில் வாசலும் இறுக மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பும். சிலருக்குப் பை தளர்ந்து, நிரம்பி வழிந்தாலும் சுருங்காது. உங்கள் கணவருக்கு உடைந்த எல்-1 எலும்பு, தண்டுவடம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே அடிபட்டவர்களில் இறுகிய பையும் உண்டு, தளர்ந்த பையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது.

போடாக்ஸை இப்போது வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த ஊசி இறுகிய பையைத் தளர்த்துவதற்கானது. நரம்புக் கோளாறுக்கு வழக்கமாக 200 யூனிட் போடுவார்கள். ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை வேலை செய்யும், அப்புறம் மறுபடியும் போட வேண்டும். உங்கள் கணவருடையது ஏற்கெனவே தளர்ந்த பை என்றால் 60,000 ரூபாயும் வீண். இறுகிய பைதான் என்று தெரிந்தாலும் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியது மாத்திரை. இன்னொன்றையும் உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: ஊசி போட்ட பிறகும் பெரும்பாலானவர்கள் குழாய் போட்டுத்தான் சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும். ஊசி குழாய்க்குப் பதில் இல்லை. மாத்திரை சரிப்படாதவர்களுக்கு அது நல்ல சிகிச்சை, மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் அது நாலாவதோ ஐந்தாவதோ.

இனி குழாய்க்கு வருவோம். உங்களுக்கு அதிகம் உதவப் போவது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சொன்ன யோசனை சரியானது. நிரந்தர டியூபை எடுத்துவிட்டு நாலு மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைப் போட்டு, பையைக் காலி செய்து, குழாயை வெளியே எடுத்துவிடுவது. இதை சி.ஐ.சி. என்று சொல்வார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாப்பிடஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 1972-இல் இந்த முறையை வெளியிட்டபோது பலர் அதிர்ந்து போனார்கள். அதற்கு முன் குழாய் போடுவதென்றால் கையுறை, கிருமி நீக்கிய துணி என்று ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஏற்பாடு வேண்டும். அவர் சொன்னது எளிமையானது. பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அங்கேதான் கிருமி வேரூன்றுகிறது. அதனால் நேரத்துக்குக் காலி செய்வதுதான் முக்கியம், கை சுத்தமாக இருந்தால் போதும். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இதுதான் முதல் சிகிச்சையாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரைக்கும் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் சிறுநீரகம் கெட்டும் படுக்கைப் புண்ணாலும்தான் இறந்தார்கள். இன்று அவர்கள் வயதாகி வாழ்வதற்கு இந்த மெல்லிய குழாய் ஒரு பெரிய காரணம்.

யோசனை சரி, அவர்கள் எழுதிக் கொடுத்த குழாய்தான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. 220 ரூபாய்க் குழாய் என்பது தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஆகிற பூச்சு பூசிய வெளிநாட்டு வகையாக இருக்கும். தினம் 5 என்றால் மாதம் 150, அதாவது 33,000 ரூபாய். அதுவே பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக் குழாய், நெலாட்டன் குழாய் என்று கேட்டால் தருவார்கள், 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆண்களுக்கு 12 அல்லது 14 அளவு. ஒவ்வொரு முறையும் புதுசு போட்டாலே மாதம் 6,000-தான். கழுவித் திரும்பப் பயன்படுத்தினால், ஒரு குழாயை ஒரு வாரம் வைத்துக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள், மாதத்துக்கு ஐந்து குழாய், 200 ரூபாய். கூடவே, குழாய் வழுக்கிக்கொண்டு போகத் தடவுகிற ஜெல்லியும், சோப்பும்.

அட்டையில் "ஒருமுறை மட்டும்" என்று அச்சடித்திருப்பார்கள். ஒருமுறைக் குழாய்தான் இன்ஃபெக்‌ஷனைக் குறைக்கும் என்று உறுதியாக நிரூபித்த ஆய்வு இல்லை, விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் நாட்டில் நிறையப் பேர் கழுவித்தான் பயன்படுத்துகிறார்கள், ஒழுங்காகச் செய்கிறவர்கள் பல வருடம் நன்றாகவே இருக்கிறார்கள். கழுவிப் போட்டும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் அப்போது ஒருமுறைக் குழாய்க்கு மாறலாம், அதுவும் 40 ரூபாய் வகைக்கு. பணத்தை மிச்சம் பிடிக்க ஐந்து முறையை மூன்று முறையாக ஆக்குவதுதான் மிகப் பெரிய தப்பு. விலை உயர்ந்த குழாயைத் தினம் மூன்று முறை போடுகிறவரைவிட, சாதாரணக் குழாயை ஐந்து முறை போடுகிறவரின் சிறுநீரகம்தான் பிழைக்கும்.

கழுவுவது எப்படி என்றால், எடுத்த உடனே சோப்புத் தண்ணீரால் வெளியே தேய்த்து, குழாயடியில் பிடித்து உள்ளேயும் தண்ணீர் ஓடவிட்டு, நன்றாக உதறிக் காயவைக்க வேண்டும். காய்வதுதான் இங்கே சிக்கல். மேகம் இறங்கி நிற்கிற மாதங்களில் துணியே மூன்று நாள் காய்வதில்லை, குழாயின் உள்பக்கம் எப்படிக் காயும்? ஈரக் குழாயில்தான் கிருமி பெருகும். அதனால் ஐந்தாறு குழாயைச் சுற்றில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பயன்படுத்தியதை மறுநாள் காலையில் எடுத்தால் போதும். அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம், புகையும் கரியும் படியும். நன்றாகக் காய்ந்ததும் மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வையுங்கள். குழாய் விறைத்தாலோ நிறம் மாறினாலோ நுனி சொரசொரப்பானாலோ எறிந்துவிடுங்கள். ஜெல்லிக்குப் பதில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள்.

இதை வீட்டில் நீங்களாகவே இன்று தொடங்கிவிடக்கூடாது. நிரந்தர டியூபை எடுப்பதற்கு முன் ஸ்கேன் பார்க்க வேண்டும், குழாய் போடுவதை நர்ஸ் பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று நாள் பழக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வருகிற அளவை முதல் இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். 400 மில்லிக்குள் இருந்தால் நிம்மதி. 500-ஐத் தாண்டுகிறது என்றால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்றேன். இந்தக் குளிரில் தாகம் எடுக்காது, கழிப்பறை வெளியே இருக்கிற வீட்டில் குடிக்கவும் பயமாக இருக்கும், புரிகிறது. ஆனால் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி, கல்லும் கிருமியும்தான் சேரும். ஒரு நாளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர், பகலில் பிரித்துக் குடிக்கட்டும். இரவு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஆறு ஏழு டம்ளர் டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் இரண்டாக்கிவிடுங்கள், பையைத் தூண்டுகிறது அது.

நீங்கள் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி வீணாகப் போயிருக்குமோ என்று நான் சந்தேகப்படுவது அந்த இன்ஃபெக்‌ஷன் மாத்திரைகளில்தான். நிரந்தர டியூப் போட்டவர் சிறுநீரை எப்போது கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினாலும் ஏதாவது கிருமி வளரும். கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, காலில் திடீரென்று இழுப்பு அதிகமாவது, ரத்தம் வருவது, எப்போதும் இல்லாத சோர்வு, இவை இருந்தால்தான் மருந்து. வெறும் நாற்றத்துக்கும் கலங்கலுக்கும் மருந்து வேண்டாம். தேவையில்லாமல் தின்ற ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அடுத்த முறை சாதாரண மாத்திரை வேலை செய்யாமல் விலை உயர்ந்த ஊசியில் கொண்டுபோய் விடும். உங்கள் 48,000-இல் அந்த மாதிரி ஊசிக்கு எவ்வளவு என்று பில்லை எடுத்துப் பாருங்கள். நிஜமாகவே காய்ச்சல் வந்தால், முதலில் டியூபை மாற்றச் சொல்லுங்கள், புது டியூபிலிருந்து வரும் சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். பழைய டியூபிலும் அதில் மாட்டியிருக்கிற வெளிப் பையிலும் இருக்கிற கிருமியைப் பரிசோதித்து மருந்து எழுதுவதில் பயனில்லை. நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, எதற்குத்தான் செலவு செய்வது? முதலில் வயிற்று ஸ்கேன், இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கிறதா, பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க. இதற்கு கீழே இறங்க வேண்டாம், ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். 2025 ஏப்ரலில் 700 படுக்கையுடன் புதுக் கட்டிடம் திறந்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த ஸ்கேன் வேண்டும், முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவை மட்டும் ரத்தத்தில் பார்த்துவிட்டு "நார்மல்" என்று சொன்னால் அதில் முழுசாகச் சமாதானம் ஆகாதீர்கள். கால் தசை மெலிந்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே குறைவாக இருக்கும், சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது.

அடுத்தது யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனை. பைக்குள் எவ்வளவு அழுத்தம் என்று அளந்து, இறுகியதா தளர்ந்ததா என்று சொல்வது. தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். 60,000 ரூபாய் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை இந்தச் சில ஆயிரம் சொல்லிவிடும். கோயம்புத்தூர் போவதற்கு முன் போன் செய்து எங்கே, எந்தக் கிழமை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டே வண்டி பிடியுங்கள். மேட்டுப்பாளையம் வழியாக வாடகைக் காரில் போய் "நாளைக்கு வாங்க" என்று திரும்பி வருகிற செலவு எந்த பில்லிலும் வராது, ஆனால் மலைக்காரர்களை உலுக்குவது அதுதான்.

இறுகிய பையைத் தளர்த்துகிற மாத்திரை எழுதிக் கொடுத்தால், கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்: ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் என்று எதுவாவது இருக்கும். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் முதலில் விசாரியுங்கள், விலை நன்றாகக் குறையும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் பையையும் கெடுக்கும், அதனால் கீரை, பழம் விடாமல் கொடுங்கள்.

இப்போது அரசு உதவிகள். உங்கள் 48,000 ரூபாயைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். அட்டை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. இனிமேல் எங்கே சேர்த்தாலும் பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டுக் கவுண்டர் எங்கே என்று நீங்களே கேளுங்கள். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதியலாம். ஆனால் இந்தக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கிற சிகிச்சைக்குத்தான். வீட்டில் போடுகிற குழாயும் மாதாந்திர மாத்திரையும் அதில் வராது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 200 ரூபாய்க் கணக்கை அவ்வளவு நீட்டி எழுதினேன்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தண்டுவடப் பாதிப்புக்கென்றே மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது, மாதம் 2,000 ரூபாய். ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். குழாய், ஜெல்லி, மாத்திரை எல்லாமே பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள், டியூப் மாற்ற மாதாமாதம் வண்டி பிடிக்கிற செலவு மிஞ்சும்.

இன்னொன்று. அவர் விழுந்தது கூலி வேலை செய்யும்போது. வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடும் சிகிச்சைச் செலவும் கொடுக்க வேலை கொடுத்தவருக்குச் சட்டப்படி கடமை உண்டு. கேட்பதற்குக் காலக்கெடு இருக்கிறது, ஒன்றரை வருடம் ஓடிவிட்டது, அதனால் இந்த வாரமே போங்கள். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டு, எல்லா பில், அன்றைக்குக் கூட வேலை பார்த்தவர்களின் பெயர், இவற்றோடு போங்கள்.

கடைசியாக, அவர் பேச மறுப்பது. 38 வயது மனிதர், தொடையில் சிறுநீர் சேருகிற பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, மாதாமாதம் அடுத்தவர் கையால் டியூப் மாற்றிக்கொண்டு இருக்கிறார். வாய் வராதது இயல்புதான். இந்தப் பகுதியை அவரையே படிக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் வெளியே போயிருக்கும்போது பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள்.

தம்பி, உங்கள் கை நன்றாக இருக்கிறது. இந்தக் குழாயை நீங்களே, வீல்சேரில் உட்கார்ந்தபடியே, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடத்தில் போட்டு எடுக்கலாம். வேறு யாரும் வேண்டாம். பை தொங்காது, நாற்றம் வராது, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. நிரந்தர டியூப் இல்லாததால் கணவன் மனைவியாக இருப்பதற்கும் அது தடையாக நிற்காது. முதல் வாரம் பயமாக இருக்கும், சிறுநீர்ப் பையின் வாசலில் கொஞ்சம் இறுகும். அப்போது தள்ளாதீர்கள், மூச்சை மெதுவாக விட்டுக் காத்திருங்கள், தானாகத் தளரும். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பிய மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் கால் இரண்டும் செயலிழந்தவர். வீல்சேரில் இருந்துதான் அத்தனை வேலையும் செய்தார். ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர். அவருக்கு இல்லாத இரண்டு கைகளின் பலம் உங்களிடம் இருக்கிறது.

அம்மா, நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் நாலு நாள் ஒன்றும் மேலே வராது. அக்டோபர் முடிவதற்குள் இரண்டு மாதத்துக்கான குழாயும் ஜெல்லியும் வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்கேன் எடுத்ததும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு, டியூபை எப்போது எடுக்கலாம் என்று எழுதுகிறேன்.